ஒரு சைஸ் பெருசு

படகுச் சவாரிக் கவுண்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, குழந்தை எத்தனை கிலோ என்று கேட்டாள். அந்த ஊர் பாஷையில்தான் கேட்டாள், நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கு அது புரிய வழியில்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் சுவரில் லைஃப் ஜாக்கெட்டுகள் நிறம் நிறமாகத் தொங்கின. ஒவ்வொரு நிறத்துக்கு மேலும் ஒரு படமும் ஓர் எண்ணும் இருந்தன. எண்ணைப் படிக்க எந்தப் பாஷையும் வேண்டியதில்லை. மஞ்சள் வரிசைக்கு மேலே, யாருடைய விரலையோ பிடித்துக்கொண்டு நிற்கும் சின்னக் குழந்தை, பக்கத்தில் பதினைந்து. அடுத்திருந்த ஆரஞ்சு வரிசைக்கு மேலே பந்தை உதைக்கும் பையன், பக்கத்தில் முப்பது. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பஸ் ஓட்டிய காலத்தில் டிப்போவில் அன்றைய டூட்டி போர்டைப் படித்ததுபோல, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா கேக்குது அந்தப் பொண்ணு?"

"எடை கேக்கறாங்கப்பா. இவன் எடை."

"பெரிய மனுஷன் எடையா?" அப்பா குனிந்து பேரனைப் பார்த்தார். பையன் அவருடைய பேன்ட் பையில் கையை விட்டு, அங்கே எப்போதும் கிடக்கும் விசிலைத் தேடிக்கொண்டிருந்தான். ஐந்து வயது. நின்றால் தாத்தாவின் தொடையைத் தாண்டி அதிகம் இல்லை. பார்க்கிறவர்கள் மூன்று என்பார்கள். இரக்கப்படுகிறவர்கள் மூன்றரை என்பார்கள்.

இன்றைக்கு அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மகள் கிளம்பி வந்திருந்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்த கணவன், காலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். "இங்க பாரு. வர்ற வாரம் பிள்ளை வயித்துல குழாய் வைக்கப் போறாங்க. மாமா நம்ம வீட்லதான் இருக்கப் போறார். குழாயையும் சட்டைக்குள்ள ஒளிச்சு வைப்பியா? இன்னிக்கு நீ சொல்லலைன்னா நாளைக்கு நான் சொல்லிடுவேன். அப்புறம் என்னைக் கேக்காத." சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. பொய் சொல்லத் தொடங்கியது அவள்தான். அவன் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்ததோடு சரி.

பொய் என்று முதலில் அது தோன்றவேயில்லை. அவள் அம்மா படுக்கையில் இருந்த நேரம் அது. பேரனுக்கு மூன்று வயது முடிந்தது. கதவு நிலையில் அவனை நிறுத்திக் கோடு போட்டுக் காட்டு, கண்குளிரப் பார்க்கிறேன் என்று அம்மா போனில் கேட்டாள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை, அதனால்தான் வளர்ச்சி நின்றுபோயிருக்கிறது என்று டாக்டர் சொல்லிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போன வருடக் கோட்டுக்கும் பையனின் தலைக்கும் நடுவில் ஒரு நகக்கண் இடம்கூட இல்லை. அவள் பென்சிலை எடுத்தாள். கை தானாக மேலே போயிற்று. ஒரு சாண் தள்ளிக் கோடு போட்டாள், பையனை முக்காலிமேல் நிற்க வைத்து மார்புக்கு மேலே மட்டும் போனில் தெரியும்படி காட்டினாள். "ஜோரா வளர்றான்டி" என்றாள் அம்மா. அதுதான் அம்மா அவளிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. விசா காகிதம் கையில் இல்லாததால் காரியத்துக்கும் போக முடியவில்லை. அம்மா பார்த்துவிட்டுப் போன கோட்டை அதற்குப் பிறகு அவளால் கீழே இறக்க முடியவில்லை. அடுத்த பிறந்தநாளுக்கு அதற்கு மேலே ஒன்று, அதற்கடுத்ததற்கு இன்னும் மேலே ஒன்று.

அப்பாவும் விடவில்லை. வருடா வருடம் பார்சலில் சட்டை வரும். "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே எடுத்திருக்கேன்" என்பார். ஒரு சைஸ் அல்ல, இவன் உடம்புக்கு அது மூன்று சைஸ். ஹோட்டல் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் விரிப்பு மடிக்கிற கை அவளுடையது. சட்டையின் முதுகுப் பக்கத்தைச் சுருக்கி மடித்துத் துணிக் கிளிப் போட்டுவிடுவாள். முன்பக்கம் கச்சிதமாக நிற்கும். போட்டோ போய்ச் சேரும். அங்கிருந்து போனில் ஒரு கட்டைவிரல் படம் வரும்.

ஆனால் ஆளே நேரில் வந்தால் எந்தக் கிளிப்பை எங்கே போடுவது? நேற்று விமான நிலையத்தில் அப்பா பேரனைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் பையன் அவர் தலைக்கு மேலே போய்விட்டான். கனமான பெட்டி என்று நினைத்துத் தூக்கி, காலிப் பெட்டியாக இருந்தால் கை எப்படி மேலே எகிறுமோ அப்படி. ஒரு கணம் அப்பாவின் முகத்தில் எதுவுமே இல்லை. அப்புறம் சிரித்தார். "உங்க பாட்டி மாதிரிடா நீ. ஒடிசல் வாகு." அவள் அந்த வார்த்தையைத் தாவிப் பிடித்துக்கொண்டாள். ஆமாம்ப்பா, அம்மா வாகுதான். இந்த ஊர்ல பிள்ளைங்க எல்லாம் மெதுவாத்தான்ப்பா வளரும், அப்புறம் ஒரே தாவு. வீட்டில், படுக்கையறைக் கதவு நிலையில் இருந்த கோடுகள் மறையும்படி குளிர்க் கோட்டுகளையும் குடைகளையும் கொத்தாக மாட்டி வைத்திருந்தாள்.

இன்று காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது அந்தக் கோட்டுகள் நாற்காலியில் கிடந்தன. அப்பா பேரனின் தலைமேல் கையை வைத்தபடி கதவோரம் நின்றிருந்தார். "குளிருமாம்ல, எதைப் போட்டுக்கறதுன்னு பாத்தேன்" என்று ஒரு கோட்டை எடுத்துக்கொண்டார். டப்பாவில் மருந்தை அடுக்கிக் கைப்பைக்குள் ஒளிக்கிற அவசரத்தில் அவளும் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

"பதினெட்டு இருக்கும்ல?" என்றார் அப்பா இப்போது.

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அஞ்சு வயசுக்குப் பதினெட்டாவது இருக்கணும். வளர்ற புள்ள. ஒரு சைஸ் பெருசாவே குடுக்கச் சொல்லும்மா."

அவர் அதைக் கவுண்டர் பெண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, மகளைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினெட்டு" என்றாள் அவள், அந்த ஊர் பாஷையில்.

கவுண்டர் பெண் இப்போதுதான் எட்டிப் பார்த்தாள். பையனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், தரையில் இருந்த எடை மெஷினைப் பேனாவால் காட்டினாள். ஏற்றிப் பார்த்துவிடலாமே என்றாள். வேண்டாம், போன வாரம்தான் பார்த்தோம் என்றாள் அவள். போன வாரம் பார்த்தது உண்மை. மருத்துவமனை மெஷின் பன்னிரண்டு காட்டியது. வரிசையில் பின்னால் ஒரு கூட்டம் பொறுமையிழந்து நின்றது. பெண் தோளைக் குலுக்கிவிட்டு ஆரஞ்சு ஜாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தாள். பெரியவர்களுக்கு அங்கே ஜாக்கெட் கட்டாயமில்லை.

மஞ்சளில் கால்களுக்கு நடுவே மாட்டும் பட்டை இருந்தது. ஆரஞ்சில் அது கிடையாது. முன்பக்கம் இரண்டு கொக்கிகள் மட்டும். மாட்டிவிட்டபோது ஜாக்கெட் பையனின் காதுக்குமேல் ஏறி நின்றது. பட்டைகளை இழுக்கும் மட்டும் இழுத்தாள். அதற்குமேல் இழுக்கப் பட்டை இல்லை. கழுத்தில் சுற்றியிருந்த கம்பளிச் சால்வையை உருவி நான்காக மடித்து, அவன் மார்புக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே திணித்தாள். இப்போது நிறைந்து, கச்சிதமாக நின்றது.

"அம்மா, குண்டாயிட்டேன்" என்றான் பையன்.

"பாத்தியா, ஒரே தாவு" என்றார் அப்பா. அவர் குரலில் சிரிப்பு இருந்ததா என்று அவள் கவனிக்கவில்லை.

படகுத்துறையில் படகுக்காரர் அவர்கள் மூவரையும் ஒவ்வொருவராகக் கை கொடுத்துச் சின்னப் படகு ஒன்றில் இறக்கினார். கனத்த உடம்பு, வெயிலில் வெந்த கழுத்து. பையன் முறை வந்ததும் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். பெரிதாக இருக்கிறதே என்றார். உள்ளே துணி வைத்திருக்கிறேன், சரியாக இருக்கும் என்றாள் அவள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் துறையிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், மறந்துவிட்டார்.

"என்னவாம் டிரைவருக்கு?"

"பிள்ளையைப் பத்திரமா பாத்துக்கச் சொல்றார்."

"நல்ல மனுஷன்" என்றார் அப்பா. படகுக்காரருக்குப் பின்சீட்டிலேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கை எட்டிப் பார்த்தார். "கியர் இல்ல. பிரேக்கும் இல்ல. என்ன வண்டிம்மா இது, எங்க பஸ் கார்ப்பரேஷன் எம்டி பாத்தா லைசென்ஸைப் புடுங்கிடுவார்."

"தாத்தா, பஸ்ஸுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் அது ரோட்லயே போகுது."

"உங்களுக்கு?"

"நானும் பஸ் ஜாதிதான்டா."

பையன் விசிலை ஊதினான். "ரைட், போலாம்" என்றார் அப்பா. படகுக்காரருக்குப் பாஷை புரியவில்லை, ஆனால் படகை எடுத்தார்.

அது அணைக்கட்டு ஏரி. சீசன் முடிகிற நேரம். தண்ணீர் துடைக்காத கண்ணாடி மாதிரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. நடுவே, அணை கட்டியபோது மூழ்கிப்போன மரங்களின் உச்சிக் கொம்புகள் மட்டும் பட்டுப்போய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கரை பின்னால் போகப் போக மோட்டார் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லாமல் ஆனது. இதற்காகத்தான் அவள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டில் சொன்னால் அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார், அம்மாவுடன் சண்டை வந்தாலே அப்படித்தான். இங்கே எழுந்து போக இடமில்லை. இவளுக்கும் இல்லை.

"இந்தப் படகுல ஹாஃப் டிக்கெட் உண்டாம்மா?" என்றார் அப்பா.

"உண்டுப்பா. எடுத்தேன்."

"எங்க பஸ்ல கம்பியில கோடு போட்டிருக்கும். கோட்டுக்குக் கீழ இருந்தா ஹாஃப். கண்டக்டர் நிக்க வெச்சுப் பாப்பான். சில தாய்மார் பிள்ளை முதுகுல ஒரு குத்து விட்டு முட்டிய மடக்க வைப்பாங்க. எட்டு வயசுப் பையன் தவளை மாதிரி நிப்பான். நான் கண்ணாடியில பாத்துச் சிரிச்சுக்குவேன்."

அவளும் சிரித்தாள். சிரித்த சூட்டிலேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நெஞ்சுக்குள் இரண்டு வருடமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

அப்பா உடனே திரும்பினார். காத்துக்கொண்டிருந்தவர் திரும்புவதுபோல முழு உடம்போடு திரும்பினார். மடியில் கைகளை வைத்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றார்.

அவர் கைகளைப் பார்த்தாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய கைகள். அம்மாவுக்குக் கொள்ளி வைத்ததும் இந்தக் கைதான், அவள் போனில்தான் பார்த்தாள். இந்த மனிதனிடம் போய், உங்கள் பேரனின் வயிற்றில் ஓட்டை போடப் போகிறார்கள், அம்மா சந்தோஷமாகக் கண்ணை மூடினாளே, அது பொய்யைப் பார்த்து மூடிய கண் என்று எந்த வாயால் சொல்வது?

"குளிருதாப்பா?" என்றாள்.

அப்பா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "இல்லம்மா" என்றார். பிறகு மெல்லத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் ஸ்டாப்பில் உட்கார்வதுபோல அவர் தோள் இறங்கியது.

எதிரே சுற்றுலாக்காரர்களின் பெரிய படகு ஒன்று வேகமாகக் கடந்து போனது. அது கிளப்பிய நுரையைப் பார்க்கப் பையன் சீட்டில் முட்டி போட்டு ஏறினான். "உக்காருடா" என்று அவள் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் முதல் அலை வந்து படகின் வயிற்றில் அறைந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பையன் விளிம்பில் மடங்கி, தலைகீழாகத் தண்ணீருக்குள் போனான்.

அப்பா பாய்ந்துவிட்டார். அந்த வயதில் அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ, விளிம்பில் வயிறு பதியக் கவிழ்ந்து, ஜாக்கெட்டின் முதுகுப்பட்டையை எட்டிப் பிடித்துவிட்டார். பிடித்துவிட்டேன் என்று கத்தவும் செய்தார். பிடித்ததை மொத்தப் பலத்தோடு மேலே இழுத்தார்.

ஜாக்கெட் வந்தது.

ஆரஞ்சு நிறத்தில், தண்ணீர் சொட்டச் சொட்ட, காலியாக வந்தது. நேற்று விமான நிலையத்தில் எகிறியதுபோலவே அவர் கை மேலே எகிறியது. கீழே, பையனின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே நீட்டியபடி, சட்டை கழற்றிவிடச் சொல்லி நீட்டுவானே அப்படி, சாம்பல் தண்ணீருக்குள் இறங்கி மறைந்தன. அவன் இருந்த இடத்தில் அவளுடைய சால்வை மடிப்பு விரிந்து மிதந்தது.

மோட்டார் நின்றது. படகுக்காரர் குதித்ததை அவள் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. தானும் விளிம்பில் ஒரு காலை வைத்துவிட்டாள் என்பது, அப்பா அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்தபோதுதான் தெரிந்தது. "உனக்கும் நீச்சல் தெரியாது, நில்லு" என்று அவர் அவள் காதுக்குள் சொன்னார். படகுக்காரர் ஒரு தடவை மேலே வந்தார், வெறுங்கையோடு. மூச்சிழுத்துக்கொண்டு மறுபடி போனார். சால்வை நனைந்து கனத்து, ஒரு மூலையாகத் தாழ்ந்து, அதுவும் உள்ளே போயிற்று. தண்ணீர் எதுவுமே நடக்காததுபோல மட்டமாகிவிட்டது.

அப்புறம் அவர் வந்தார். தோளில் பையன் கிடந்தான்.

படகின் தரையில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார், புரட்டி இரண்டு விரலால் நெஞ்சை அழுத்தினார், வாயில் ஊதினார். அவருடைய வாய் பையனின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடியது, அத்தனை சின்ன முகம். பையன் தண்ணீரைக் கக்கினான். இருமினான். அழவில்லை. கண்ணைப் பாதி திறந்து எங்கேயோ பார்த்தான், மறுபடி மூடிக்கொண்டான். மூச்சு உள்ளே போகும்போதெல்லாம் ஈரக் காகிதம் கிழிவதுபோல ஒரு சத்தம் வந்தது. அப்பா தன் கோட்டையும் சட்டையையும் கழற்றி அவனைச் சுற்றினார். கோட்டுக்குள் பையன் காணாமலே போனான்.

படகுக்காரர் முழு வேகத்தில் படகைக் கரைக்குத் திருப்பினார். ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையில் வயர்லெஸ். அதில் யாரோ கேள்விமேல் கேள்வி கேட்க, அவர் அவள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"என்ன கேக்கறாங்கம்மா?" என்றார் அப்பா.

"ஆம்புலன்ஸ்ல கேக்கறாங்க. எடை எவ்வளவுன்னு."

அப்பா கோட்டு மூட்டையைத் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டார்.

அவள் படகுக்காரரிடம் சொன்னாள். அவர் அதை வயர்லெஸில் திருப்பிச் சொன்னார். அடுத்த கேள்வி வந்தது, வேறு ஏதாவது நோய் உண்டா என்று. அதற்கும் சொன்னாள். சிறுநீரகம் என்கிற சொல் அந்த ஊர் பாஷையில் அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது. தமிழில்தான் அவள் அதை வீட்டுக்கு வெளியே ஒரு தடவையும் சொன்னதில்லை.

"என்ன சொன்ன?"

"பன்னெண்டுன்னு சொன்னேன்ப்பா. பன்னெண்டு கிலோ." அவள் குரல் மோட்டார் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தாள். "இவனுக்குக் கிட்னி ரெண்டும் சரியில்லப்பா. ரெண்டு வயசுக்கு மேல வளரல."

அப்பா கோட்டின் காலரை விலக்கிப் பேரனின் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தார். மூச்சு பட்டிருக்க வேண்டும், நிமிர்ந்தார்.

"தெரியும்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள்.

"என்னன்னு தெரியாது. ஏதோ இருக்குன்னு தெரியும். காலைல கதவுகிட்ட நிக்க வெச்சுப் பாத்தேன். நீ போட்ட பென்சில் கோட்டுக்கும் அவன் தலைக்கும் நடுவுல என் கை முழுசாப் போச்சு." அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "வளத்தியக் குறைச்சுச் சொல்றவங்கள முப்பது வருஷமாப் பாத்திருக்கேன். கூட்டிச் சொன்னது நீ ஒருத்திதான். எதுக்குன்னு கேக்க வாய் வரல. நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்."

"அப்பா."

"அந்தப் பொண்ணு எடை கேட்டப்ப, பதினெட்டுன்னு நான் வேணும்னேதான் சொன்னேன். இதுக்காவது நீ வாயத் திறப்ப, இல்லப்பான்னு சொல்லுவன்னு பாத்தேன்." அவர் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "பதினெட்டு இல்லன்னு எனக்கும் தெரியும்மா. தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன்."

படகுக்காரர் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். கோபமாகச் சொன்னார். அப்பா மகளை நிமிர்ந்து பார்த்தார், என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"அது இவனுக்குப் பெருசுன்னு சொல்றார்."

அப்பா தலையாட்டினார். வெற்று மார்பில் மயிர்க்கூச்செறிய, கோட்டு மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டார். கரையில் ஒரு சிவப்பு விளக்கு சுழல்வது தெரிந்தது. ஆனால் அது பக்கத்தில் வருவதாகவே தோன்றவில்லை. மூட்டைக்குள்ளிருந்து கிழிகிற சத்தம் வந்தது, நின்றது, அவர்கள் இருவரும் ஒரே சமயத்தில் குனிந்தார்கள், மறுபடி வந்தது.

பையன் முட்டி போட்டிருந்த சீட்டில் அந்த ஜாக்கெட் கிடந்தது. அப்பா கை தளர்ந்து விட்ட இடத்தில், விழாமல், அதன் தடிமனிலேயே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. முன்பக்கத்துக் கொக்கிகள் இரண்டும் அவள் மாட்டியது மாட்டியபடியே இருந்தன. ஒன்றும் அவிழவில்லை. படகு குலுங்கும்போதெல்லாம் அதுவும் குலுங்கி, உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல, கரையைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தது.